ஊர் ஊராகச் சென்ற சிகிச்சையாளர்கள்



நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகளில் ‘பெமுலிஹான் சாராகெர்ஜா’ என்று எழுதிய பலகையைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதையும் பிசியோதெராபியையும் ஒன்றென்றே எண்ணிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. பிசியோதெராபி கைகால்களின் வலுவையும் அசைவையும் மீட்டுத் தர முயல்வது. சாராகெர்ஜா, அதாவது தொழில்முறைச் சிகிச்சை, அந்தக் கையையும் காலையும் வைத்துக்கொண்டு ஒருவர் தம் அன்றாட வேலைகளை மீண்டும் செய்ய வழி காட்டுவது. சட்டை போடுவது, சோறு பிசைந்து உண்பது, குளிப்பது, பிள்ளைக்குத் தலை வாரிவிடுவது, பிழைப்புக்கான வேலையைச் செய்வது எல்லாம் இதில் அடங்கும்.

இந்தத் தொழில் அமெரிக்காவில் ஒரு சங்கமாக உருப்பெற்றது. அங்கே இதைச் செய்பவர்களில் ஒரு சாரார் ஓரிடத்தில் தங்குவதில்லை. சில வார ஒப்பந்தத்தில் ஓர் ஊர், அது முடிந்ததும் இன்னோர் ஊர் என்று போய்க்கொண்டே இருக்கிறார்கள். இது புதிய பழக்கம் என்று தோன்றும். ஆனால் சங்கம் பிறந்த மறு ஆண்டிலேயே இந்தப் பயணமும் தொடங்கிவிட்டது. அந்த வரலாற்றையே இன்று சொல்லப் போகிறேன். கொண்ட்ராக்ட் வேலை என்றால் என்ன, செக்ரோலில் பெயர் இல்லாமல் உழைப்பது என்றால் என்ன என்பதை அறிந்த தோட்டத்துக் குடும்பங்களுக்கு இதில் சில இடங்கள் நன்கு பழக்கமானவையாகவே இருக்கும்.

1917ஆம் ஆண்டு மார்ச் மாதம், நியூயார்க் மாநிலத்தில் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரில் ஒரு வீட்டில் ஆறு பேர் கூடினார்கள். வீட்டுக்காரர் ஜார்ஜ் பார்ட்டன் ஒரு கட்டடக் கலைஞர். காசநோயால் அவதிப்பட்டவர். இடது பாதத்தின் ஒரு பகுதியை வெட்டியெடுக்க வேண்டி வந்தது. அதன்பின் உடலின் இடப்பக்கம் செயலிழந்தது. தச்சு வேலையும் தோட்ட வேலையும் செய்து செய்தே தம் உடலை அவர் மீட்டார். அவரோடு கூடியவர்களில் மனநல மருத்துவர் வில்லியம் டண்ட்டனும் எலினர் கிளார்க் ஸ்லேகிள் என்னும் அம்மையாரும் முக்கியமானவர்கள். நோயாளியைச் சும்மா படுக்க வைத்திருப்பது அவரை மேலும் முடமாக்கும், அவருக்குப் பொருத்தமான வேலையைக் கையில் கொடுத்தால் அதுவே மருந்தாகும் என்பது அவர்கள் கொள்கை. சங்கத்தை அமைத்துவிட்டு அவர்கள் கலைந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 6ஆம் நாள் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது.

போர் என்றால் காயம்பட்டவர்கள். கை போனவர், கண் போனவர் ஒரு பக்கம். உடலில் ஒரு கீறலும் இல்லாமல், பீரங்கி முழக்கத்திலும் பதுங்கு குழி வாழ்விலும் மனம் கலங்கிப்போனவர்கள் மறுபக்கம். அவர்களுக்குக் கை நடுங்கும். பேச்சு நின்றுபோகும். நடக்கக்கூடிய கால் நடக்க மறுக்கும். கோழை என்று சிலர் பழித்தார்கள். அது கோழைத்தனமன்று, நோய் என்று மருத்துவர்கள் மெல்ல மெல்லவே ஒப்புக்கொண்டார்கள். இத்தகைய வீரர்களுக்காகப் பிரான்ஸ் நாட்டின் லா ஃபோஷ் என்னும் ஊரில் அமெரிக்க இராணுவம் 117ஆம் எண் மருத்துவமனையை நடத்தியது. 1918ஆம் ஆண்டில் அங்கே சில பெண்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு இராணுவம் சூட்டிய பெயர் ‘மறுசீரமைப்பு உதவியாளர்கள்’ என்பதாகும்.

அவர்கள் யார்? ஆசிரியைகள், கைவினை தெரிந்தவர்கள், ஓவியம் பயின்றவர்கள். போர் அவசரத்தில் நியூயார்க், பாஸ்டன், பிலடெல்பியா போன்ற நகரங்களில் திறந்த பள்ளிகளில் குறுகிய காலப் பயிற்சி பெற்றுக் கப்பலேறியவர்கள். இறங்கிய இடத்தில் தளவாடம் போதவில்லை. பெட்டிப் பலகை, காலி டின், மிச்சத் துணி என்று கிடைத்ததையெல்லாம் பொறுக்கிச் சேர்த்து ஒரு பட்டறையை உண்டாக்கினார்கள். நடுங்கும் கையில் ஓர் உளியைக் கொடுத்தால் முதல் நாள் கோடு கோணலாகத்தான் போகும். அதைக் குறை சொல்லாமல், அவன் செய்யக்கூடிய அளவுக்கு வேலையைச் சிறிதாக்கிக் கொடுப்பார்கள். ஒரு பொம்மை, ஒரு தட்டு, ஒரு சிறு பாய் என்று ஏதோ ஒன்று முடியும். தன் கை ஒரு பொருளைச் செய்து முடித்ததைத் தன் கண்ணாலேயே பார்க்கும் வீரனுக்கு அந்தக் கையின் மேல் மறுபடியும் நம்பிக்கை வரும். தொடக்கத்தில் இராணுவ மருத்துவர்களில் பலர் இதை நம்பவில்லை. பொம்மை செய்யவா கடல் கடந்து பெண்களை அழைத்து வந்தோம் என்ற எண்ணம் அவர்களுக்கு. பலனைக் கண்ட பின்னர் மற்ற மருத்துவமனைகளும் இப்பெண்களைக் கேட்டு வாங்கிக்கொண்டன. உடல் காயம்பட்டவர்களிடையேயும் அவர்கள் பணியாற்றினார்கள். நோயாளி சில வாரங்களில் போய்விடுவான். சிகிச்சை கொடுத்தவருக்கும் அடுத்த இடத்துக்கு உத்தரவு வந்துவிடும்.

இனி நான் சொல்வதைச் சற்றுக் கவனியுங்கள். இராணுவ மருத்துவமனையில், இராணுவ ஆணைக்குக் கட்டுப்பட்டு, போர் நடக்கும் நாட்டில் உழைத்த இப்பெண்களுக்கு இராணுவத்தில் பதவி ஏதும் கிடையாது. சீருடை உண்டு, ஆனால் கணக்கில் அவர்கள் வெளியாட்கள். போர்ச் சேவை செய்தவருக்குரிய சலுகைகள் அவர்களுக்கு இல்லை. 1918 நவம்பர் 11ஆம் நாள் போர் நின்றது. வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்றாயிற்று. இரண்டாம் உலகப் போரிலும் இதே கதைதான். அந்தப் போர் முடியும்வரை தொழில்முறைச் சிகிச்சையாளர்கள் இராணுவத்தில் சிவிலியன்களாகவே வைக்கப்பட்டார்கள். 1947இல் வந்த ஒரு சட்டமே அவர்களுக்கு அதிகாரிப் பதவி அளித்தது. முதல் உலகப் போரில் சென்றவர்களோ இன்னும் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1977இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, அவர்கள் செய்ததும் இராணுவச் சேவையே என்று 1981இல்தான் ஏற்கப்பட்டது. 1918இல் 25 வயதாக இருந்த பெண்ணுக்கு அப்போது 88 வயது. எத்தனை பேர் உயிரோடிருந்து அந்தச் செய்தியைக் கேட்டிருப்பார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

தொழில் மட்டும் வளர்ந்தது. 1975இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. உடற்குறையோ மனவளர்ச்சிக் குறையோ உள்ள பிள்ளைகளுக்கும் பொதுப் பள்ளியில் இலவசக் கல்வி தரவேண்டும், அதற்குத் தேவையான சிகிச்சையையும் சேர்த்துத் தரவேண்டும் என்றது அச்சட்டம். பட்டணத்துப் பள்ளிகள் ஆள் வைத்துக்கொண்டன. பத்துப் பிள்ளைகளே படிக்கும் மலைக் கிராமத்துப் பள்ளி என்ன செய்யும்? ஒருவரே பல பள்ளிகளுக்கு மாறி மாறிச் செல்லும் வழக்கம் பரவியது. அலாஸ்காவில் சாலையே இல்லாத கிராமங்களுக்குச் சிறு விமானத்தில் போய் இறங்குகிறார்கள்.

மருத்துவமனைகளும் முதியோர் இல்லங்களும் ஆள் போதாதபோது ஏஜென்சிகளை நாடுகின்றன. ஒப்பந்தம் பெரும்பாலும் 13 வாரம், அதாவது ஆண்டில் கால் பங்கு. சம்பளத்தோடு வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் படி உண்டு. ஒரே இடத்தில் ஓராண்டுக்கு மேல் வேலை நீடிக்கும் என்றால் அந்தப் படிக்கு வரிவிலக்குக் கிடைக்காது. தேர்வு நாடு முழுவதற்கும் ஒன்றுதான் என்றாலும் உரிமத்தை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வழங்கி வந்தது. ஆகவே ஊர் மாறுமுன் காகிதம் சேர்ப்பதே ஒரு தனி வேலை. மாநிலங்கள் ஒன்றுக்கொன்று உரிமத்தை மதிக்கும் உடன்படிக்கையில் 2021 முதல் ஒவ்வொன்றாகச் சேர்ந்து வருகின்றன.

நாலு ஊரைப் பார்க்கலாம், கூடுதல் காசும் கிடைக்கும் என்று இளையோர் இதை விரும்புகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் நோயாளிகள் குறைந்தால் ஒப்பந்தத்தைப் பாதியில் முறிக்கவும் நிர்வாகத்துக்கு வழியுண்டு. அப்போது வாடகைக்கு எடுத்த வீடு அவர் தலையில் விழும். 1997இல் முதியோர் மருத்துவச் செலவை அமெரிக்க அரசு சட்டம் போட்டுக் குறைத்தது. அடுத்த இரண்டாண்டுகளில் சிகிச்சையாளர்கள் பலர் வேலையிழந்தார்கள். இதை நம் பாட்டன்மார் கைநாட்டு வைத்த ஒப்பந்தத்தோடு ஒப்பிடுவது பொருந்தாது. அதை விட்டு விலகினால் சிறைத் தண்டனை. இந்தியாவிலிருந்து அவ்வாறு மலாயாவுக்கு ஆள் சேர்ப்பது 1910இல்தான் நின்றது. இவர்கள் விரும்பி வருகிறார்கள், வேண்டாமென்றால் போகிறார்கள்.

நோயாளியின் நிலை என்ன? பக்கவாதத்தில் விழுந்தவர் தேறப் பல மாதங்கள் ஆகும். சிகிச்சையாளரோ 13 வாரத்தில் போய்விடுவார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் இருப்பார், பெரிய டாக்டர் வந்து பார்த்துப் போவார் என்ற பழைய ஏற்பாட்டை மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். டாக்டர் போனபின் டிரெசர் இருந்தார். இங்கே டிரெசரின் இடத்தில் இருக்க வேண்டியவர்கள் வீட்டார்தாம். திறமையுள்ள சிகிச்சையாளர் முதல் வாரத்திலேயே மனைவியையோ மகளையோ பக்கத்தில் நிறுத்திக்கொள்வார். செய்வதை அவர்கள் கையாலேயே செய்யச் சொல்வார். போகுமுன் அடுத்து வருபவருக்கு விவரமாகக் குறிப்பு எழுதி வைப்பார். அந்தக் குறிப்பு சரியில்லை என்றால் அடுத்தவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க நேரும். நஷ்டம் நோயாளிக்கு.

அவர்கள் கற்பிப்பவை பெரும்பாலும் எளியவை. பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை போடும்போது வலுவிழந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் தோளில் வலிக்கும், சட்டையும் மாட்டிக்கொள்ளும். விரல் மடங்காதவருக்குக் கரண்டிப் பிடியில் துணியைச் சுற்றிப் பருமனாக்கிக் கொடுத்தால் பிடிக்க வரும். குளிக்கும் இடத்தில் வழுக்காத நாற்காலி ஒன்றும், சுவரில் உறுதியாகப் பொருத்திய கைப்பிடி ஒன்றும் இருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

நம் நாட்டிலும் வேலையில் அடிபட்டவர்களுக்குச் சொக்சோ மூலம் இந்தச் சிகிச்சை கிடைக்கிறது. காயம்பட்ட தொழிலாளியை மீண்டும் வேலையில் சேர்க்கும் திட்டத்தைச் சொக்சோ 2007இல் தொடங்கியது. மலாக்காவில் அதன் மறுவாழ்வு மையம் 2014இல் திறக்கப்பட்டது. அங்கேயோ அரசாங்க மருத்துவமனையிலோ சிகிச்சையாளரைச் சந்திக்கும்போது கூச்சப்படாதீர்கள். வீட்டுக் கழிப்பறை குந்தி உட்காருவதா, உயரமானதா, வாசலில் எத்தனை படி, குளியலறை வீட்டுக்குள்ளா வெளியிலா என்பதைச் சொல்லுங்கள். செம்பனைக் குலை அறுப்பவரா, பால் வெட்டுபவரா, எந்தக் கையால் கத்தி பிடிப்பவர் என்பதையும் சொல்லுங்கள். காட்டிக் கொடுத்ததை அவர் முன்னாலேயே ஒருமுறை செய்து காட்டுங்கள். பயிற்சிகளை ஒரு தாளில் எழுதித் தரும்படி கேளுங்கள். அடுத்த மாதம் வேறொருவர் அந்த நாற்காலியில் இருக்கக்கூடும். அந்தத் தாளை அவரிடம் காட்டுங்கள்.