முழங்கால் என்னும் நாற்சந்தி

மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா மாவட்டத்தில் அமைந்த சிம்பாங் அம்பாட் என்னும் ஊர்ப்பெயருக்கு, மலாய் மொழியில் நாற்சந்தி என்பது பொருள். மனித உடலிலும் அத்தகைய சந்தி ஒன்று உண்டு. அதுவே முழங்கால். தொடையெலும்பும் கீழ்க்கால் எலும்பும் கூடும் அவ்விடத்தில் இரண்டு தசைநார்கள் ஒன்றையொன்று குறுக்கே கடந்து, எலும்புகளை இறுகப் பிணைக்கின்றன. பால்மரம் வெட்டுவோர் குந்தி எழுவதும், மேட்டிலும் பள்ளத்திலும் நடப்பதும் அப்பிணைப்பின் வலிமையால்தான். உழைப்பாளிக்கு உரிய அதே முழங்காலை நம்பியே இன்றைய இளைஞன் ஸ்கேட்போர்டு என்னும் சக்கரப் பலகையில் ஏறி நிற்கிறான்.

அப்பலகையின் வரலாறு நெடியதன்று. 1950களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், கடலலையில் சறுக்கி விளையாடியவர்கள் அலையற்ற நாள்களில் பலகைக்குச் சக்கரம் பூட்டித் தெருவில் ஓட்டினர். அக்காலச் சக்கரங்கள் சிறு கல்லில் தட்டினாலும் நின்று, ஓட்டுபவரைத் தூக்கி எறிந்தன. 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி பாலியூரித்தேன் சக்கரங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தபின் பலகை தரையைப் பற்றி ஓடியது. வேகம் கூடியது, துள்ளும் உயரமும் கூடியது. 2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் இது முதன்முறையாக இடம்பெற்றது. மாமல்லபுரத்துச் சிறுமி கமலி மூர்த்தி சக்கரப் பலகை ஓட்டுவதைக் காட்டும் 'கமலி' என்னும் ஆவணப்படம் 2019இல் வெளிவந்து, இவ்விளையாட்டு தமிழ்மண்ணிலும் வேரூன்றியதை உலகுக்கு உணர்த்திற்று.

உயரம் கூடினால் வீழ்ச்சியின் விசையும் கூடும். பாதம் ஊன்றி நிற்க உடல் மட்டும் திரும்பினால், முன்புறக் குறுக்குத் தசைநார் அறுந்துபோகக்கூடும். சில மணி நேரத்தில் முழங்கால் வீங்கும். சில வாரங்களில் வீக்கம் வடியும், நடக்கவும் முடியும். ஆபத்து தொடங்குவது அங்கேதான். சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தடவி, ஆறிவிட்டதென மீண்டும் துள்ளுபவனின் முழங்கால் திடீரென நழுவுகிறது. அந்நழுவலில் எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் பிறை வடிவக் குருத்தெலும்பும் கிழிந்துவிடலாம்.

இக்காயத்தைத் தைத்துச் சீராக்கலாம் என்பதற்கு முதற்சான்றாய் நின்றவர் விளையாட்டு வீரர் அல்லர். ஒரு சுரங்கத் தொழிலாளி. 1895இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், 41 வயதான அவருடைய அறுந்த தசைநார்களை மேயோ ராப்சன் என்னும் அறுவை மருத்துவர் தைத்தார். அத்தொழிலாளி மீண்டும் உழைக்கும் ஆற்றல் பெற்றார். 1917இல் ஹே குரோவ்ஸ் என்பார், அறுந்த நாருக்கு மாற்றாகத் தொடைப் பக்கத்துச் சவ்வுப்பட்டையை எலும்பினூடே செலுத்திப் புதிய பிணைப்பை உருவாக்கினார்.

எனினும், முழங்காலைத் திறக்காமல் உள்ளே காண்பது அரிதாகவே இருந்தது. அதற்கு வழி கண்டவர்கள் ஜப்பானியர். தரையில் மண்டியிட்டு அமரும் அம்மக்களுக்கு, காசநோயால் விறைத்துப்போன முழங்கால் பெருந்துன்பமாயிற்று. 1918இல் தக்காகி கென்ஜி, சிறுநீர்ப்பையை நோக்கும் கருவியை இறந்தவர் ஒருவரின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். அவர் வழிவந்த வத்தனாபே மசாக்கி, 1962இல் அத்தகைய கருவியின் துணையோடு கிழிந்த குருத்தெலும்பை நீக்கினார். இன்று சிறு துளைகளின் வழியே நடைபெறும் அறுவைக்கு இதுவே அடித்தளம்.

ஆயினும், அறுவை முடிந்தவுடன் குணம் வந்துவிடுவதில்லை. முன்னாளில் காலை மாவுக்கட்டில் பல வாரம் கட்டி வைத்தனர். தசை மெலிந்து, மூட்டு இறுகியது. அமெரிக்க மருத்துவர் ஷெல்போர்ன், தம் சொல் மீறி முன்னதாகவே காலை அசைத்த நோயாளிகள் நன்கு தேறுவதைக் கண்டார். விரைவான பயிற்சி முறையை 1990இல் வெளியிட்டார். அறுவை அனைவருக்கும் உடனடித் தேவையன்று என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. 2010இல் வெளியான சுவீடன் ஆய்வில் 121 பேர் பங்கேற்றனர். அவர்களுள் பயிற்சியை மட்டும் முதலில் மேற்கொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், இரண்டாண்டு கடந்தும் அறுவையின்றியே இருந்தனர்.

மறுபுறம், 2016இல் வெளியான மற்றோர் ஆய்வு எச்சரிக்கையும் விடுத்தது. அறுவைக்குப் பின் ஒன்பது மாதம் வரை, ஆட்டத்திற்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதமும் தள்ளிப்போட, மீண்டும் காயமுறும் அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

இவ்விரு உண்மைகளும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. அசைவதில் தாமதம் கூடாது. துள்ளுவதில் அவசரம் கூடாது. தொடைத் தசை பழைய வலிமை பெற்று, காயமுற்ற கால் மற்றக் காலுக்கு ஈடாக நிற்கும் வரை பலகை காத்திருக்கலாம். வலி நின்ற நாளைக் குணமான நாளென்று கொள்வோன் இழப்பது ஒரு விளையாட்டை மட்டுமன்று. நாளை குந்தி எழவும், சுமை தூக்கவும், குடும்பத்தைத் தாங்கவும் வேண்டிய காலையும் இழக்க நேரிடும். நாற்சந்தியில் நின்று நாற்புறமும் பார்த்துக் கடப்பவனே வீடு சேருவான். முழங்காலுக்கும் அதுவே விதி.