தொண்டைமானாறு: உவர்க்கிணறும் ஆறு தேசிக்கன்றுகளும்

தொண்டைமானாற்றில் மீள்குடியேறிய ஓர் அம்மாவின் வளவில் ஆறு தேசிக்கன்றுகள் நிற்கின்றன. இடப்பெயர்வுக்கு முன் நின்ற மரங்களில் ஒன்றும் மிஞ்சவில்லை. “கிணறு வத்தேல்லத் தம்பி, ருசிதான் மாறிப்போச்சு” என்றார். குடித்துப் பார்த்தேன், உவர்.

பெயரில் ஆறு இருந்தாலும் இது கடல்நீரேரி. குடாநாட்டின் நன்னீர் முழுவதும் மாரிமழை தந்தது. சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, உவர்நீரின் மேல் வில்லைபோல மிதக்கிறது. நன்னீர் மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், கணக்குப்படி கீழிருந்து உவர்நீர் 40 அடி வரை மேலேறலாம். மோட்டரை மணிக்கணக்கில் ஓடவிட்டுப் பாத்தி நிரப்புவதன் விலை இது. இங்குள்ள தடுப்பணையும் கடல்நீரை மறித்து நன்னீரைத் தேக்கத்தான் கட்டப்பட்டது.

சொட்டுநீர் இறைப்பைக் குறைக்கும். ஆனால் மணல் மண்ணில் நீர் பக்கவாட்டில் அதிகம் பரவாது, நேரே கீழிறங்கிவிடும். எனவே தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, இருபுறமும் சொட்ட வேண்டும்; ஒரேயடியாக அல்ல, சிறிது சிறிதாக அடிக்கடி. மேல்மண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரு சாண் ஆழத்து மண்ணைக் கையில் பொத்திப் பாருங்கள். பிடிபட்டால் ஈரம் போதும். விரலிடுக்கில் ஒழுகினால் தண்ணீர் வேண்டும். அடியில் சருகோ பனையோலையோ பரப்பினால் இன்னும் நல்லது.

உவர்நீர் பாய்ச்சுவோர் கவனிக்க வேண்டியது வேறொன்று. உப்பு, ஈரவட்டத்தின் விளிம்பில் வெண்மையாகப் படியும். ஐப்பசியின் முதல் தூறல் அதை வேருக்குத் தள்ளிவிடும். மழை வந்துவிட்டதென்று அப்போதுதான் எல்லோரும் குழாயைப் பூட்டுகிறோம். உப்பைக் கழுவும் பெருமழை விழும்வரை சொட்டவிட வேண்டும்.

இதைச் சொன்னபோது அந்த அம்மா வெறுமையாகக் கிடந்த இரண்டு குழிகளைக் காட்டினார். போன ஐப்பசியில் பட்டவையாம்.