முப்பத்தேழு அடி

திருச்சிராப்பள்ளிக்கு முதல் தடவையாக வருகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பாலக்கரையில் வண்டியை விட்டு இறங்கியதும், கடைகளின் கூரைகளுக்கு மேலே மலைக்கோட்டை தலையை நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்ப்பார்கள். உடனே, "எத்தனை அடி உயரம்?" என்று கேட்பார்கள். ஊர்க்காரர், "273 அடி" என்பார். வந்தவர் அதோடு விடுவாரா? "ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம்?" "236 அடி." "அப்படியானால் மலைதான் பெரிசு!" என்று சொல்லிவிட்டு, ஏதோ பெரிய வழக்கைத் தீர்த்துவைத்த திருப்தியுடன் காப்பி சாப்பிடப் போவார்.

கழித்துப் பார்த்தால் வித்தியாசம் 37 அடி. மூன்று மாடி வீடு ஒன்றின் உயரம். இயற்கைக்கும் மனிதனுக்கும் நடந்த பந்தயத்தில் மனிதன் மூன்று மாடியில் தோற்றுப்போனான் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இப்படி ஒரு பந்தயம் நடந்ததாக அந்த மலைக்கும் தெரியாது; கோபுரத்துக்கும் தெரியாது. நாமாக இரண்டையும் பிடித்து இழுத்துவந்து பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறோம்.

உண்மையில் அவை பக்கத்தில் பக்கத்தில் இல்லை. பாலக்கரையிலிருந்து மலைக்கோட்டை ஏறக்குறைய ஒரு மைல். ராஜகோபுரமோ காவேரியைத் தாண்டி மூன்று மைல். உயரமான மாடியாகப் பார்த்து ஏறி நின்றால், மலை பூதாகாரமாக எதிரே நிற்கும். கோபுரம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. அதே மனிதர் டவுன் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போய்க் கோபுரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்கட்டும். மேல்துண்டு நழுவி விழும். அங்கிருந்து திரும்பித் தெற்கே பார்த்தால் மலைக்கோட்டை ஒரு கைப்பிடி வெல்லம் போலத் தோன்றும். ஆகவே கண் சொல்லும் அளவு நிற்கும் இடத்தைப் பொறுத்தது. நாடாவைப் பிடித்து அளந்த அளவாவது நிச்சயமா என்றால், அதிலும் தகராறு உண்டு. கலசத்தைச் சேர்த்து அளப்பதா, சேர்க்காமலா? வாசற்படியிலிருந்தா, தெருவிலிருந்தா? கர்நாடகத்துக் கடற்கரையில் முருடேசுவரத்தில் 2008-ஆம் ஆண்டு ஒரு ராஜகோபுரம் எழுந்தது. அதன் உயரமும் ஏறக்குறைய இதேதான். ஓர் அடி கூடுதலா, குறைவா என்று இரண்டு ஊர்க்காரர்களும் இன்றைக்கும் வாதாடலாம். டில்லியில் இருக்கும் குதுப் மினாரும் 238 அடி. இந்த மூன்றையும் உயரப்படி வரிசையாக நிறுத்தினால், இன்னது யாரால், எதற்காகக் கட்டப்பட்டது என்பதில் ஒரு வார்த்தைகூட நமக்குத் தெரிய வராது.

எதற்காக உயரம் வேண்டியிருந்தது? இந்தக் கேள்விக்கு மலைக்கோட்டையிலேயே ஒரு பதில் எழுதி வைத்திருக்கிறது. தாயுமானவர் சந்நிதியைத் தாண்டி உச்சிப் பிள்ளையாரை நோக்கி ஏறும் வழியில், பாறையைக் குடைந்து செய்த ஒரு குகைக்கோயில் உண்டு. 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் செய்வித்தது. உள்ளே கங்கையைச் சடையில் தாங்கும் சிவபெருமானின் சிற்பம். அதன் இரு பக்கத்துத் தூண்களிலும் வடமொழியில் ஒரு கல்வெட்டு. அதன் கருத்து வேடிக்கையானது. 'தரையிலுள்ள கோயிலில் இருந்துகொண்டு சோழநாட்டின் பெருமையையும் காவேரி நதியையும் நான் எப்படிப் பார்ப்பது?' என்று ஈசுவரன் கேட்டானாம். அதற்காகவே அரசன் மேகத்தைத் தொடும் இந்த மலையில் அவனுக்கு வீடு அமைத்துக் கொடுத்தானாம். நதிகளிடம் பிரியமுள்ள கணவன் காவேரியையும் கண்டு மயங்கிவிடப் போகிறானே என்று பார்வதி கவலைப்பட்டு, கூடவே இங்கு வந்து குடியேறினாள் என்றும் அதில் இருக்கிறது.

மலை எத்தனை அடி என்று பல்லவன் அங்கே எழுதவில்லை. அங்கிருந்து என்ன தெரிகிறது என்றுதான் எழுதினான். 273 அடி உயரத்தில் நின்றால் சமவெளியில் இருபது மைல் வரைக்கும் பார்வை எட்டும் என்பது பூகோளக் கணக்கு. அவ்வளவு தூரத்துக்கும் வயலும் வாய்க்காலும் மணலும் நீரும். வெற்றி கொண்ட அரசன் எதிரி நாட்டைப் பார்க்கும் பார்வையும் அதில் கலந்திருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. சோழநாட்டை மேலேயிருந்து பார்க்க ஆசைப்பட்டது ஈசுவரன் மட்டும்தானா?

நானூறு வருஷம் கழித்துச் சோழன் பதில் சொன்னான். தஞ்சாவூரில் மலை கிடையாது. ஆகவே ராஜராஜன் ஒரு மலையைக் கட்டினான். 1010-ஆம் ஆண்டு முடிவுபெற்ற பெரிய கோயில் விமானத்தை 216 அடி என்று சொல்லுவது வழக்கம். ஸ்ரீரங்கத்தைவிட 20 அடி மட்டம்! ஆனால் இதையும் அதையும் ஒப்பிடுவது, மாமனாரையும் மாப்பிள்ளையையும் எடை போட்டுப் பார்ப்பது போன்றது. தஞ்சாவூரில் உயர்ந்து நிற்பது கர்ப்பக்கிருகத்தின் மேலுள்ள விமானம்; அடி முதல் முடி வரை கருங்கல். ஸ்ரீரங்கத்தில் உயர்ந்து நிற்பது வாசல். கோபுரங்களில் கருங்கல் அடித்தளத்தோடு நின்றுவிடும். மேலே செங்கல்லும் சுதையுந்தான்.

இதில் இன்னொரு விசேஷம். சோழர் காலத்துப் பெரிய கோயிலில் வாசல் சிறியது, சுவாமி இருக்கும் இடம் பெரியது. பிற்காலத்தில் இது தலைகீழாயிற்று. ஸ்ரீரங்கத்தில் தெற்கே ராஜகோபுரத்தில் நுழைந்து உள்ளே போகப் போக, கோபுரங்கள் சிறுத்துக்கொண்டே வரும். ஏழு பிராகாரங்களையும் கடந்து பெருமாளிடம் போய்ச் சேரும்போது, தலைக்கு மேலே இருப்பது பொன் வேய்ந்த சின்னஞ்சிறு விமானம். அந்த ஊரிலேயே மிக உயரமான கட்டடம் பெருமாளுக்கு மிகவும் தொலைவில் நிற்கிறது. உயரத்தைப் பார்த்து அசந்துபோய் வாசலிலேயே திரும்பிவிடுகிறவன் எதைத் தவறவிட்டான் என்பது அவனுக்கே தெரியாது.

அந்த வாசலும் லேசில் எழும்பிவிடவில்லை. விஜயநகரத்து அச்சுதராயர் காலத்தில், 16-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வேலை அடித்தளத்தோடு நின்றுபோயிற்று. நானூறு வருஷத்துக்கு மேல் அது 'மொட்டைக் கோபுரம்' என்ற பெயருடன் நின்றது. அதனடியில் எத்தனையோ தலைமுறை நடந்து போயிற்று. சாம்ராஜ்யங்கள் போயின, நாயக்கர்கள் போனார்கள், கும்பினியார் வந்து போனார்கள். 1979-ஆம் ஆண்டில், எண்பது வயதைக் கடந்த அகோபில மடத்து 44-ஆவது ஜீயர் அந்த வேலையைக் கையில் எடுத்தார். ஊர் ஊராகப் பணம் திரண்டது. எட்டே வருஷத்தில் பதின்மூன்று நிலைகளும் எழும்பி, 1987 மார்ச் 25-ந் தேதி கும்பாபிஷேகம் நடந்தது. இதில் பெரிசு எது? 236 அடியா? நானூறு வருஷம் நின்றுபோன காரியத்தை எண்பது வயதில் எடுத்துச் செய்த துணிச்சலா? பின்னதை அளப்பதற்கு நாடா எங்கேயும் விற்பதில்லை.

பரப்பளவிலும் இதே கதைதான். ஸ்ரீரங்கம் கோயில் 156 ஏக்கர் என்கிறோம். போப்பாண்டவரின் வாடிகன் நகரம் முழுவதும் 109 ஏக்கர்தான் என்று பெருமைப்படுகிறோம். காம்போஜத்து அங்கோர் வாட்டின் எல்லை 400 ஏக்கர் என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கிவிடுகிறது. சுருங்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த 156 ஏக்கரில் சித்திரை வீதியும் உத்தர வீதியும் அடக்கம். திண்ணை, கோலம், பூக்கடை, பள்ளிக்கூடத்துக்குப் போக அடம்பிடிக்கும் குழந்தை, கொடியில் உலரும் புடைவை எல்லாம் மதில்களுக்குள்ளேதான். கோயிலுக்குள் ஓர் ஊர் குடித்தனம் செய்கிறது. ஏக்கர் கணக்கு இதைச் சொல்வதில்லை.

அளப்பதே வீண் வேலை என்று நான் சொல்ல வரவில்லை. அளவின் அருமையை அறிந்த ஒருவருடைய கதையும் இந்தப் பக்கத்திலேயே நடந்தது. லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ உத்தியோகஸ்தர் 1802-ஆம் ஆண்டில் சென்னைப் பக்கத்தில் தொடங்கித் தென்னாட்டை முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டே வந்தார். அதற்கு உயரமான இடங்கள் தேவை. காவேரிப் படுகையில் குன்றுகளுக்கு எங்கே போவது? கோயில் கோபுரங்களைத்தான் நம்பினார். 1808-ஆம் ஆண்டில், அரை டன் எடையுள்ள தியோடலைட் என்னும் கோணம் அளக்கும் கருவியைத் தஞ்சாவூர் விமானத்தின் உச்சிக்குக் கயிறு கட்டி இழுத்தார்கள். கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி நசுங்கிற்று. வேறொருவராயிருந்தால் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டிருப்பார். லாம்டன் ஆறு வாரம் உட்கார்ந்து, நசுங்கிய வட்டத்தைக் கொஞ்சங் கொஞ்சமாக நிமிர்த்தி, மறுபடியும் அளக்கப் புறப்பட்டார். அந்த அளவைதான் வடக்கே நீண்டு நீண்டு இமயமலையை எட்டியது. எவரெஸ்டு சிகரம் 29,002 அடி என்று 1856-ஆம் ஆண்டில் உலகத்துக்கு அறிவித்தது. இன்றைய கணக்குக்கும் அதற்கும் வித்தியாசம் முப்பதே அடி! உலகத்தின் உச்சியை அளக்கப் புறப்பட்ட பாதையில் நம்முடைய கோபுரங்கள் ஏணிப்படிகளாக நின்றிருக்கின்றன. அவற்றின் உயரத்தை மெச்சிவிட்டுப் போனவர்கள் ஆயிரம் பேர். அதன்மேல் ஏறி அப்பால் பார்த்தவர் ஒருவர்.

இனி, கேள்வி பிறந்த பாலக்கரைக்கே வருவோம். மலையை அண்ணாந்து பார்க்கிற மனிதர் குனிந்து பார்த்தால், அங்கே உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓடுவது தெரியும். பேட்டைவாய்த்தலையில் காவேரியை விட்டுப் பிரிந்து, நகரத்தின் நடுவே புகுந்து, கிழக்கே பல ஆயிரம் ஏக்கர் வயலுக்குப் போகும் தண்ணீர் அது. 'உய்யக்கொண்டான்' என்பது தஞ்சாவூர் விமானத்தை எழுப்பிய அதே ராஜராஜனுடைய பட்டப்பெயர். இந்த வாய்க்கால் எத்தனை அடி என்று யாரும் கேட்பதில்லை. மலையைக் கட்டுகிறவனுக்கு மேலே பார்க்கத் தெரிந்தால் போதும். வாய்க்கால் வெட்டுகிறவனுக்குப் பூமி எந்தப் பக்கம் ஒரு விரற்கடை தாழ்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கணக்குத் தப்பாமல் வெட்டியதால்தான் தண்ணீர் இன்னும் போகிறது. நகரத்துக்குள் நாம் கொட்டும் அழுக்கையும் சுமந்துகொண்டு போகிறது.

விமானத்தைக் கண்டு கைகூப்புகிறோம். வாய்க்காலில் குப்பையைக் கொட்டுகிறோம். இரண்டுக்கும் ஒரே அரசனுடைய பெயர். மலைக்கும் கோபுரத்துக்கும் நடுவே உள்ள 37 அடியைக் கணக்கிட்டுச் சொல்லத் தெரிந்த நமக்கு, காலடியில் ஓடும் இந்தத் தண்ணீரின் அளவு எப்போது தெரியப் போகிறது?