கைக்காசு போட்டு ஓட்டியவர்கள்

"அமெச்சூர்" என்று நாம் சொல்லும்போது அதில் கொஞ்சம் இளக்காரம் கலந்திருக்கும். அமெச்சூர் நாடகம் என்றால் மீசை கழன்று விழும், வசனம் பாதியில் மறந்துபோகும் என்று ஓர் எண்ணம். நான் படித்த புதுச்சேரிப் பள்ளியில் எல்லாப் பாடமும் பிரெஞ்சு மொழியில்தான். அங்கே இதே சொல்லை "அமத்தேர்" என்று உச்சரிக்கக் கற்றுக் கொடுத்தார்கள். பொருள் "நேசிக்கிறவன்". பிழைப்புக்காக அல்லாமல் ஆசைக்காக ஒன்றைச் செய்கிறவன். கார் ராலியைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் எனக்கு இந்தச் சொல்தான் முதலில் நினைவுக்கு வந்தது. இந்த விளையாட்டில் நேசிக்கிறவன் காசு வாங்காததோடு நிற்பதில்லை. கையில் இருப்பதையும் கொடுத்துவிட்டு வருகிறான்.

படப்பையில் இருந்துகொண்டு இதை எழுதக் காரணம் உண்டு. நம் ஊரிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போய்ப் பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்தால் இருங்காட்டுக்கோட்டை. ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கும் ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தத் தொழிற்சாலை வருவதற்கு முன்பே, 1990-லிருந்து அங்கே மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தளம் இருக்கிறது. ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். உள்ளே இரும்புக் கூண்டு பொருத்திய கார்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு இளைஞர்கள் போவதை நம் சாலையிலும் அவ்வப்போது பார்க்கலாம். என்னோடு காலையில் நடக்க வரும் நண்பர் ஒருவர் அப்படி ஒரு வண்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இத்தனை லட்சம் போட்டு ஓட்டி இவங்களுக்கு என்னங்க கிடைக்குது?" நியாயமான கேள்வி. நடந்துகொண்டே சொல்லி முடிக்கிற பதில் இல்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ரேஸ் வேறு, ராலி வேறு. ரேஸில் எல்லாக் கார்களும் ஒரே தளத்தில் ஒன்றையொன்று முந்திக்கொண்டு சுற்றும். ராலியில் ஒவ்வொரு காராக, சில நிமிட இடைவெளியில், சாதாரண ஊர்ச் சாலையிலோ மண்பாதையிலோ அனுப்புவார்கள். எதிரி கண்ணுக்குத் தெரிய மாட்டான், கடிகாரம் மட்டும்தான். காருக்குள் இரண்டு பேர். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, வரப்போகும் வளைவையும் மேட்டையும் பள்ளத்தையும் முன்கூட்டியே படித்துச் சொல்லிக்கொண்டே வருவார். ராலி என்ற சொல்லும் பிரெஞ்சிலிருந்து வந்ததுதான். சிதறியிருப்பவர்கள் ஓரிடத்தில் வந்து கூடுவது என்று அர்த்தம். 1911-ல் நடந்த முதல் மாண்டி கார்லோ ராலியில் ஐரோப்பாவின் வெவ்வேறு நகரங்களிலிருந்து கிளம்பி எல்லோரும் மொனாக்கோவில் வந்து கூடினார்கள். பாரிஸிலிருந்து வந்த ஆன்ரி ருழியே வென்றார்.

அதற்கும் முன்னால் ஒரு போட்டி உண்டு. 1894 ஜூலை 22, பாரிஸிலிருந்து ரூவான் நகர் வரை. நடத்தியது ஒரு செய்தித்தாள். நுழைவுக் கட்டணம் 10 பிராங்க். வேகமாக வருகிறவருக்குப் பரிசு இல்லை. ஆபத்தில்லாமல், ஓட்ட எளிதாக, செலவு குறைவாக இருக்கும் வண்டிக்கே பரிசு என்று விதி போட்டார்கள். முதலில் வந்து சேர்ந்தவர் தெ தியோன் பிரபு. அவருடைய நீராவி வண்டிக்குக் கரி போட இன்னொரு ஆள் வேண்டியிருந்ததால் முதல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. பெழோ கம்பெனிக்கும் பனார் கம்பெனிக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். செலவைக் குறைக்கச் சொல்லி ஆரம்பித்த விளையாட்டு இன்று எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

நம்மூருக்கு வருவோம். நம் வயதுக்காரர்களுக்குக் கார் பந்தயம் என்றால் சோழவரம்தான். கல்கத்தா சாலையில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். 1950-களில் தொடங்கி 1980-களின் இறுதி வரை அங்கே பந்தயம் நடந்தது. பிப்ரவரி வெயிலில் பல்லாயிரம் பேர் கூடுவார்கள். கோண்டல் சமஸ்தானத்து இளவரசர் பெரிய என்ஜின் வைத்த சர்டீஸ் காரையும், விஜய் மல்லையா பார்முலா ஒன்னில் ஓடிய என்சைன் காரையும் அங்கே கொண்டுவந்து ஓட்டினார்கள். இவற்றைப் பார்த்தவர்கள் கார் பந்தயம் ராஜாக்களும் முதலாளிகளும் விளையாடுவது என்றே நினைத்துக்கொண்டார்கள். அதே ஓடுதளத்தில் அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களும் ஓடின. அவற்றை ஓட்டியவர்களில் பலர் திங்கட்கிழமை காலை அதே காரில் ஆபீஸுக்குப் போக வேண்டியவர்கள்.

ஹெரால்டு நம் பக்கத்துப் பிள்ளை. 1961-லிருந்து நம் வண்டலூர் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலையில் தயாரானது. அதன் முன்பக்க மூடி முழுதாக முன்னோக்கித் திறக்கும். என்ஜின், முன் சக்கரங்கள் எல்லாம் கைக்கு எட்டும். தாம்பரத்துப் பழைய மெக்கானிக்குகள் இதற்காகவே அந்தக் காரைப் புகழ்வார்கள். கம்பெனி 1988-ல் மூடப்பட்டது.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் 1980-களின் தொடக்கத்தில் பழைய ஹெரால்டு ஒன்றை வாங்கினார். அவரும் என்னைப் போல குமாஸ்தா. சம்பளம் என்ன என்று உங்களுக்குத் தெரியும். அந்த வருடம் தீபாவளிக்குப் பண்டிகை முன்பணம் வாங்கினோம். எங்கள் வீட்டில் அது துணியாகவும் பலகாரமாகவும் ஆயிற்று. அவர் வீட்டில் இரண்டு டயர்களாக வந்து இறங்கியது. அந்த அம்மா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை என்று கேள்வி. ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த நேரக்கணக்கு ராலிக்கு வழிகாட்டியாக என்னைக் கூப்பிட்டார். அந்த வகை ராலியில் வேகமாகப் போவதற்கு மதிப்பில்லை. குறித்த சராசரி வேகத்தில் போய்ச் சேர வேண்டும். முந்தி வந்தாலும் பிந்தி வந்தாலும் அபராதப் புள்ளி. மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 100 வினாடி. 40 என்றால் 90. 48 என்றால் 75. எனக்கு இன்றைக்கும் மனக்கணக்கு பிரெஞ்சில்தான் ஓடும். "சுவாசாந்த் கேன்ஸ்" என்று நான் முணுமுணுக்க, அவர் "தமிழ்ல சொல்லுய்யா!" என்று கத்தியது காதிலேயே இருக்கிறது. பரிசு ஒன்றும் வரவில்லை. செங்கல்பட்டு தாண்டி ஒரு சோதனைச் சாவடியில் ஒரு வினாடிகூடப் பிசகாமல் போய் நின்றோம். அங்கிருந்த அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார். இருபது வருட சர்வீஸில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

அந்த வகை ராலிக்குச் சொந்தக் காரும் பெட்ரோலும் போதும். சாலையை அடைத்து முழு வேகத்தில் ஓட்டும் ராலிதான் ஆளைத் தின்கிறது. பழைய வழக்கத்தில் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கார் வாங்குவது முதல் வரி மட்டுமே. அதன் உள்பகுதியைக் கழற்றிவிட்டு இரும்புக் கூண்டு கட்ட வேண்டும். தீப்பிடிக்காத உடுப்பு, அதற்குள் அணியும் உள்ளாடையும் அதே துணியில். தலைக்கவசம், கழுத்தைக் காக்கும் கருவி. சர்வதேச விதிப்படி இருக்கைக்கும் தோள் பட்டைக்கும் தயாரித்த தேதியிலிருந்து ஐந்து வருடம்தான் ஆயுள். ஒரு கீறல்கூட விழாவிட்டாலும் மாற்றியாக வேண்டும். மண்பாதையில் டயர் எவ்வளவு தாங்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஷாக் அப்சார்பர், என்ஜினுக்கு அடியில் காப்புத் தகடு, பின்னாலேயே வர ஒரு வேன், அதில் மெக்கானிக்குகள், அவர்களுக்குச் சாப்பாடு, லாட்ஜ், உரிமக் கட்டணம், நுழைவுக் கட்டணம்.

இதெல்லாம் முடிந்து கார் உருண்டுவிட்டால்? உங்கள் வீட்டுக் காரின் இன்சூரன்ஸ் பத்திரத்தை எடுத்து, எதற்கெல்லாம் காரைப் பயன்படுத்தக் கூடாது என்ற பகுதியைப் படியுங்கள். பந்தயம், வேகச் சோதனை ஆகியவை அங்கே விலக்கப்பட்டிருக்கும். நஷ்டம் முழுக்கச் சொந்தம். பரிசுப் பணம் டயருக்குக்கூடக் கட்டாது என்று ஓட்டுகிறவர்களே சொல்கிறார்கள்.

இந்தச் செலவைச் சமாளிக்கக் காலத்துக்குக் காலம் ஏதோ ஒரு வழி கிடைத்தது. கென்யாவில் ஜோகிந்தர் சிங் என்றொரு சீக்கியர், தகப்பனாரின் பட்டறையில் தொழில் கற்ற மெக்கானிக். 1965-ல் தம்பி ஜஸ்வந்தோடு, முந்தைய ஆண்டு ராலியில் ஓடிய பழைய வோல்வோ காரை வாங்கிச் சரிசெய்து ஈஸ்ட் ஆப்பிரிக்கன் சபாரி ராலியை வென்றார். ஐரோப்பாக் கம்பெனிகள் பணத்தைக் கொட்டிய போட்டி அது. 1974-லும் 1976-லும் மறுபடி வென்றார். பட்டறைக் கை சொந்தமாக இருந்தால் பாதிச் செலவு மிச்சம்.

நம் கோயம்புத்தூருக்கு ராலி பிடித்துக்கொண்டதற்கும் காரணம் அதுதான் என்பேன். பம்பும் மோட்டாரும் செய்கிற ஊரில் லேத்துக்கும் வெல்டிங்குக்கும் பஞ்சமில்லை. அவ்வூர் ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்றவர். அவருடைய மகன் நாராயண்தான் 2005-ல் பார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர். அதே ஊர் கரிவரதன், மாருதி 800 என்ஜினை வைத்துக் குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். நாராயண் முதன்முதலில் பந்தயம் ஓட்டியதும் மாருதி என்ஜின் வைத்த காரில், நம் ஸ்ரீபெரும்புதூர்த் தளத்தில். கரிவரதன் 1995-ல் வான்விபத்தில் இறந்துவிட்டார். என் கணக்கில் இந்தியப் பந்தய உலகத்துக்கு அவரைப் போல உதவியவர் வேறு யாருமில்லை. வென்றவர்கள் பலர் உண்டு. செலவைக் குறைத்துக் கொடுத்தவர் அவர். பிறகு டயர் கம்பெனிகள் வந்தன, எம்.ஆர்.எப்., ஜே.கே. டயர் பெயர்களைக் காரில் ஒட்டிக்கொண்டு ஒரு தலைமுறை ஓட்டியது. கம்பெனி தேர்ந்தெடுப்பது சிலரைத்தான். மற்றவர்கள் இன்றும் சம்பளத்தில்தான் ஓட்டுகிறார்கள்.

இமயமலையில் 1999-ல் தொடங்கிய ஒரு ராலிக்கு "ரெய்டு தெ ஹிமாலயா" என்று பிரெஞ்சுப் பெயர் வைத்தார்கள். பிரெஞ்சில் "ஹ" ஒலிக்காது. "தெ லிமாலயா" என்றுதான் வர வேண்டும். எங்கள் ஆசிரியர் இருந்திருந்தால் பிரம்பை எடுத்திருப்பார். பெயர் எப்படியோ போகட்டும். பனியிலும் கல்லிலும் காரை உடைத்துக்கொள்ளச் சொந்தச் செலவில் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

ஏன் வருகிறார்கள்? என் ஆபீஸ் நண்பரிடம் ஒருமுறை கேட்டேன். "வாரத்துல ஆறு நாள் நான் எழுதுற நோட்டை இன்னொருத்தர் திருத்துறாரு. ஸ்டீயரிங்கை மட்டும் யாரும் திருத்துறதில்லை" என்றார். இதற்கு மேல் நல்ல பதில் நான் கேட்டதில்லை.

பணம் மட்டும்தான் விலை என்றால் நான் இந்தக் கட்டுரையைச் சிரித்துக்கொண்டே முடித்திருப்பேன். 2023 ஜனவரி 8 அன்று நம் இருங்காட்டுக்கோட்டைத் தளத்தில் கே.இ. குமார் என்ற மூத்த பந்தய வீரர் விபத்தில் இறந்தார். வயது 59. அதே ஆண்டு ஆகஸ்டில் அதே தளத்தில் பைக் பந்தயத்தில் இறந்தது 13 வயதுச் சிறுவன். ஐம்பத்தொன்பது வயதுக்காரர் தெரிந்து எடுத்த முடிவை நான் மதிக்கிறேன். பதின்மூன்று வயதில் யார் முடிவெடுத்தது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

இதைவிட என்னை உறுத்துவது 2019 செப்டம்பரில் ராஜஸ்தானில் நடந்தது. தேசிய ராலிக்காக அடைத்திருந்த சாலைக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. கணவன், மனைவி, மகன் மூவரும் பந்தயக் கார் மோதி இறந்தார்கள். ராலி அத்தோடு நிறுத்தப்பட்டது. நேசிக்கிறவன் தன் சேமிப்பைச் செலவழிக்கலாம், தன் எலும்பைக்கூடச் செலவழிக்கலாம். அந்தக் குடும்பம் எதையும் நேசித்து அங்கே வரவில்லை; அவர்கள் தினமும் போகிற வழியில் போனார்கள். கிராமத்துச் சாலையைக் கயிறு கட்டி அடைத்துவிட்டோம் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். ஒவ்வொரு குறுக்குப் பாதையிலும் ஆள் நிறுத்தும் செலவையும் ராலிக் கணக்கில் எழுதத்தான் வேண்டும். அதற்குப் பணம் இல்லையென்றால் அந்த ராலி நடக்க வேண்டாம்.

மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவு, மாநில அரசின் எழுத்துமூலமான அனுமதி இல்லாமல் பொது இடத்தில் பந்தயம் ஓட்டினால் குற்றம் என்கிறது. முன்பு 500 ரூபாய் அபராதம், ஒரு மாதம் வரை சிறை. 2019 திருத்தத்துக்குப் பிறகு 5,000 ரூபாய், மூன்று மாதம் வரை. ஆனாலும் வண்டலூர் - வாலாஜாபாத் சாலையை அகலப்படுத்திய பிறகு இரவு பதினொரு மணிக்கு மேல் பைக்குகள் அலறிக்கொண்டு போவது நம் எல்லோர் வீட்டிலும் கேட்கிறது. அந்தப் பையன்களும் ஒருவகையில் அமத்தேர்கள்தான். கூண்டும் உடுப்பும் வாங்கக் காசில்லாத அமத்தேர்கள். அவர்களைப் பிடித்து அபராதம் போடுவது போலீஸ் வேலை, போடட்டும். போட்ட பிறகு, கையில் இருக்கும் வண்டியை வைத்தே ஓட்டக்கூடிய மைதானப் போட்டிக்கோ நேரக்கணக்கு ராலிக்கோ அவர்களை யாராவது அழைத்துப் போகலாம். வழிகாட்டி இருக்கையில் உட்கார்ந்து வினாடிக் கணக்குப் பார்க்க ஓய்வுபெற்ற ஆட்கள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறோம்.