பழைய டிராக்டருக்கு மின்விசிறி: பொருத்தும் முன் கவனிக்க வேண்டியவை

சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுப் பாசன வயல்களில் கேஜ் வீல் மாட்டிச் சேறடிக்கும்போது பழைய டிராக்டர் சூடேறினால், 12 வோல்ட் மின்விசிறி ஒன்றைக் கூடுதலாகப் பொருத்தலாம் என்று தோன்றும். அதற்கு முன் காரணத்தைக் கண்டறியுங்கள்.

இன்ஜின் ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறந்து நீர்மட்டம் பாருங்கள். ரேடியேட்டரில் அடைத்த வைக்கோல் தூசியை இன்ஜின் பக்கமிருந்து வெளிப்புறமாகக் காற்றடித்து அகற்றுங்கள். பெல்ட் தளர்வையும் தெர்மோஸ்டாட்டையும் சரிபாருங்கள். பல வண்டிகளில் இதிலேயே சூடு தணிந்துவிடும்.

தணியாவிட்டால் மின்விசிறி பொருத்தலாம். 12 அங்குல விசிறி சுமார் 10 ஆம்பியர் மின்சாரம் எடுக்கும். பழைய டைனமோக்கள் பலவும் 11 ஆம்பியர்தான் தரும். விளக்கும் சேர்ந்து எரிந்தால் பேட்டரி இறங்கிவிடும். அத்தகைய வண்டியில் முதலில் ஆல்டர்னேட்டர் மாற்ற வேண்டும்.

மின்விசிறியை ரேடியேட்டருக்கு முன்னால், பழைய விசிறி இழுக்கும் திசையிலேயே காற்றுச் செல்லுமாறு அமையுங்கள். ரிலே, 20 ஆம்பியர் பியூஸ், சுமார் 95 டிகிரி செல்சியஸில் இயங்கும் வெப்பச் சுவிட்ச் ஆகியவை அவசியம். பெல்ட் விசிறியைக் கழற்ற வேண்டாம். மின்விசிறி நின்றாலும் இன்ஜினைக் காப்பது அதுவே.

வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டால் உழவை உடனே நிறுத்துங்கள். ஹெட் கேஸ்கட் போனால், நடவும் தள்ளிப்போகும்.