திறன்சார் குடியேற்றம் (கனடா)

படிப்பு, மொழியறிவு, வயது, பணி அனுபவம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு, தேறியவருக்கு நிரந்தர வதிவிட உரிமை (பி.ஆர்.) வழங்கும் முறை. இதை முதலில் கொண்டுவந்த நாடு கனடா. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் பின்னாளில் இதே வழிக்கு வந்தன.

மதிப்பெண் வருமுன் பிறந்த மண்ணே தகுதியாக இருந்தது. 1908ஆம் ஆண்டு விதிப்படி, குடியேற வருபவர் புறப்படுமுன்பே முழுப் பயணத்துக்கும் சீட்டு வாங்கி, சொந்த நாட்டிலிருந்து எங்கும் இடையில் தங்காமல் வந்து சேர வேண்டும். இந்தியாவின் பெயர் விதியில் இல்லை. ஆனால் அங்கிருந்து நேரடிக் கப்பல் ஓடாததால் கதவு அடைபட்டது இந்தியருக்குத்தான். ஆசியர்கள் கையில் 200 டாலர் காட்ட வேண்டும் என்ற விதியும் அதே ஆண்டில் வந்தது. 1914இல் கோமகட்டா மாரு கப்பலில் வான்கூவர் வந்த 376 பேர், பெரும்பாலும் பஞ்சாபிகள், இரண்டு மாதம் துறைமுகத்தில் காத்துக் கிடந்தார்கள். சிலரைத் தவிர எல்லோரும் திருப்பி அனுப்பப்பட்டது கனடாவின் பெருங்களங்கம். 1951இல்கூட இந்தியாவுக்குக் கிடைத்த ஒதுக்கீடு ஆண்டுக்கு 150 பேர்தான்.

1962இல் அமைச்சர் எலன் ஃபேர்கிளஃப் இனத் தடையைப் பெருமளவு அகற்றினார். 1967 அக்டோபர் 1 அன்று புள்ளி முறை நடைமுறைக்கு வந்து, எஞ்சியதையும் துடைத்தது. நூற்றுக்கு ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. படிப்புக்கும் பயிற்சிக்கும் 20, அதிகாரி நேரில் பார்த்துப் போடும் ஆளுமை மதிப்பெண் 15, அந்தத் தொழிலுக்கான தேவைக்கு 15, தொழில்திறனுக்கு 10, வயதுக்கு 10, மொழிக்கு 10, ஏற்கெனவே உறுதியான வேலைக்கு 10, உறவினர் இருந்தால் 5, போகும் ஊரின் வேலைநிலைக்கு 5. அனுபவம் இதில் தனித் தலைப்பாக இல்லை. 1978 விதிகளில்தான் அது நுழைந்தது. 2002 சட்டத்தின் கீழ் 21 புள்ளி வரை உயர்ந்து, 2013இல் 15 ஆகக் குறைந்தது. அச்சட்டத்தின் கீழ் தேர்ச்சி மதிப்பெண் முதலில் 75. 2003இல் 67 ஆயிற்று. இன்றும் அதுவே.

அனுபவம் எப்படி எண்ணப்படுகிறது என்பதில்தான் பலர் இடறுகிறார்கள். கடந்த பத்தாண்டுக்குள், திறன்சார் தொழில் ஒன்றில், சம்பளத்துடன், இடைவெளியின்றி ஓராண்டு வேலை வேண்டும்: வாரம் 30 மணி, மொத்தம் 1,560 மணி. வாரம் 60 மணி உழைத்து ஆறு மாதத்தில் முடித்தாலும் கணக்கில் சேராது. ஓராண்டுக்கு 9 புள்ளி, இரண்டு மூன்றுக்கு 11, நான்கு ஐந்துக்கு 13, ஆறும் அதற்கு மேலும் 15.

இதற்குச் சான்று எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பணிபுரிந்தார், நன்னடத்தை உடையவர் என்று நம் ஊரில் எழுதித் தரும் இரண்டு வரி போதாது. நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் பதவி, அன்றாடம் செய்த வேலைகள், வாராந்திர மணிக்கணக்கு, சம்பளம், மேலதிகாரியின் கையொப்பம் எல்லாம் இருக்க வேண்டும். பதவிப் பெயரைவிடச் செய்த வேலையே பேசும்: ‘மேலாளர்’ என்று அச்சிட்டிருந்தாலும் நாள் முழுதும் கணக்கு எழுதியவர் கணக்கராகவே எடைபோடப்படுவார். அரசின் தொழில் பட்டியலிலுள்ள வாசகத்தை அப்படியே பெயர்த்து எழுதிய கடிதம் அதிகாரிக்குச் சந்தேகத்தையே தரும்.

வேலை ஆஃபரின் மதிப்பு ஏறி இறங்கியது. தகுதி பெற்றவர்களைத் தரவரிசைப்படுத்தி விண்ணப்பிக்க அழைக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறை 2015 ஜனவரியில் தொடங்கியபோது, எல்.எம்.ஐ.ஏ. எனும் தொழிலாளர் சந்தை மதிப்பீட்டுடன் வந்த ஆஃபருக்கு 1,200இல் 600 புள்ளி. அது கையிலிருந்தால் அழைப்பு நிச்சயம். 2016 நவம்பரில் அது 50 ஆயிற்று, உயர் மேலாளர்களுக்கு மட்டும் 200. அப்போதும் எல்.எம்.ஐ.ஏ. காசுக்கு விற்கப்பட்டது, ஊரில் நிலம் விற்றுப் பணம் கட்டியவர்கள் ஏமாந்தார்கள். 2025 மார்ச் 25 அன்று தரவரிசையிலிருந்து அந்தப் புள்ளிகளே நீக்கப்பட்டன. காலம் தாழ்ந்தாலும் சரியான முடிவு. ஆயினும் 67 புள்ளித் தகுதித் தேர்வில் ஆஃபருக்கு இன்னும் 10 உண்டு.

கனடாத் தமிழரில் பெரும்பகுதியினர் இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பின் ஏதிலிகளாகவும் அவர்கள் குடும்பத்தாராகவும் வந்தவர்கள். இந்த மதிப்பெண் வழியில் வந்தவர்கள் அல்லர். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் 2023 முதல் மருத்துவப் பணி, கைத்தொழில், பிரெஞ்சு மொழி போன்ற பிரிவுகளுக்குத் தனி அழைப்புச் சுற்றுகள் நடக்கின்றன.