போடிக்கு வந்த பாதைகள்: யாருக்காக, எந்தத் திசையில், எந்த நேரத்தில்?



சில நாட்களுக்கு முன் சென்னையில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். "ராத்திரி சென்ட்ரல்ல ஏறினேன் சார், காலையில போடியில இறங்கி வீட்ல இட்லி சாப்பிட்டேன். பஸ்ஸுல உக்காந்துக்கிட்டே தூங்கி வந்ததெல்லாம் போச்சு. இனிமே நம்ம ஊருக்கு என்ன சார் குறை?" என்றார். அவருடைய மகிழ்ச்சி எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை.

அன்று விடியற்காலை நடைப்பயிற்சிக்குப் போனபோது முந்தல் போகும் சாலையோரம் பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். கையில் தூக்குவாளி, தலையில் துண்டு, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. ஜீப் வந்தது. உள்ளே ஏற்கெனவே நெருக்கம். அதிலும் ஏறினார்கள். மடியில் ஒருவர், பின்படியில் ஒருவர். ஏலக்காய்க் காட்டுக்குக் கிளம்பிவிட்டது வண்டி.

"வாத்தியார் கேள்விக்கு நேராப் பதில் சொல்ல மாட்டாரு, வருஷத்தைச் சொல்லிக் கொல்லுவாரு" என்று பின் பெஞ்சில் நீங்கள் சிரித்தது எனக்குத் தெரியும். இப்போதும் அதைத்தான் செய்யப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தேயிலை. 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. மலையில் வேலை செய்ய ஆள் வேண்டும், அவர்களுக்கு அரிசி வேண்டும், விளைந்த தேயிலை கடலுக்குப் போய்ச் சேர வேண்டும். மூணாறிலிருந்து மேற்கே கொச்சிப் பக்கம் அடர்ந்த காடு. கிழக்கே இறங்கினால் போடி. அதனால் மலைக்கு வாசல் நம் ஊர்தான் என்று ஆயிற்று.

1902இல் மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். வண்டியை இழுத்தவை மாடுகள். 1908இல் அதை இரண்டடி அகலமுள்ள சிறிய ரயில் பாதையாக மாற்றி நீராவி எஞ்சின் ஓட்டினார்கள். டாப் ஸ்டேஷனில் இறங்கிய தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி, சுமார் 5 கி.மீ. கீழே கொட்டகுடிக்கு வந்தன. அதற்கு 'பாட்டம் ஸ்டேஷன்' என்றே பெயர். அங்கிருந்து மாட்டு வண்டியில் 15 கி.மீ. போடிக்கு. குரங்கணிக்குச் சுற்றுலா போய்ப் படம் எடுத்து அனுப்புகிறீர்களே, அந்த வழிதான் இது.

பெட்டி வடத்தில் இறங்கியது. அந்தப் பெட்டியில் இருந்த தேயிலையைப் பறித்த ஆட்கள்? கங்காணி பின்னால், தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக அதே சரிவில் நடந்து ஏறினார்கள். சரக்குக்கு வடம், ஆளுக்குக் கால். நம் வட்டாரப் போக்குவரத்து வரலாற்றின் முதல் பாடம் இதுதான்.

1924 ஜூலையில் பெருவெள்ளம். மலையாள ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் இன்றும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்பார்கள். குண்டளை ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. பிறகு அது ஓடவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், மலை ரயில் போன நான்கே ஆண்டுகளில், 1928இல், மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்தது. உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி வழியாக சுமார் 90 கி.மீ. அதற்குள் மேற்கே வழி திறக்கத் தொடங்கியிருந்தது. 1935இல் நேரியமங்கலம் பாலம் திறந்த பிறகு மூணாறுக்குக் கொச்சித் துறைமுகம் பக்கமாயிற்று.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது இரும்புக்காக நம் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்தார்கள். போர் முடிந்து, சுதந்திரமும் வந்து, 1950களின் முற்பாதியில்தான் மறுபடி ரயில் ஓடியது. ஒரு பாதையைப் பெயர்ப்பது என்று தீர்மானிக்கும்போது அதில் யார் போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எவ்வளவு வருமானம், எவ்வளவு இரும்பு என்பதுதான் கணக்கு.

அடுத்த தேதியை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்: 1956 நவம்பர் 1. மொழிவாரி மாநிலங்கள் அமைந்த நாள். தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று பெரிய போராட்டம் நடந்தது. அவை கேரளத்தோடு நின்றன. அது சரியா தவறா என்ற வழக்கை இங்கே நான் எடுக்கவில்லை. போக்குவரத்துக்கு அது என்ன செய்தது என்று மட்டும் பாருங்கள். திருவிதாங்கூர் சமஸ்தானக் காலத்திலேயே எல்லை உண்டு. ஆனால் பஸ் எத்தனை விட வேண்டும், எந்த ஊருக்கு விட வேண்டும் என்று அரசாங்கமே தீர்மானிக்கிற காலம் பிறகு வந்தது. 1972இல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் தொடங்கியது. பட்டிதொட்டிக்கெல்லாம் பஸ் வந்தது. நாகலாபுரத்துக்கும் தேவாரத்துக்கும் பஸ் கேட்டு மனுக் கொடுக்கலாம். பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் வேண்டுமென்றால்? அதற்கு இரு மாநில ஒப்பந்தம், பர்மிட், வரி. ஆக, வீடு ஒரு அரசாங்கத்திடம், வேலை இன்னொரு அரசாங்கத்திடம். நடுவில் இருக்கிற 17 கொண்டை ஊசி வளைவுகளும் அதில் தினமும் ஏறி இறங்குகிறவர்களும் இருவர் கணக்கிலும் பாதிதான்.

அந்த இடைவெளியில்தான் ஜீப் வந்தது. ஜீப்பைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அது ஏன் ஜெயித்தது என்று புரிந்துகொள்ள வேண்டும். பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். காடு அங்கிருந்து கல்லும் சேறுமாக உள்ளே கிடக்கும். ஜீப் தெருமுனையில் ஏற்றி ஸ்டோர் வாசலில் இறக்கும். பெரும்பாலும் வண்டிக்கூலியைத் தோட்டக்காரர் தருகிறார், அதுவும் நடைக்கு இவ்வளவு என்று. ஒரு நடைக்கு எத்தனை தலை ஏறுகிறதோ அந்த அளவுக்கு ஆள் ஒன்றுக்குச் செலவு குறையும். நெரிசலுக்கு டிரைவரின் பேராசை மட்டும் காரணம் இல்லை, கணக்கே அப்படி அமைந்திருக்கிறது. போட்டி போட்டு இரண்டு நடை அடிக்க வேண்டும் என்றால் வேகமும் கூடும். ஏலக்காய்ப் பறிப்பு சூடு பிடிப்பது தென்மேற்குப் பருவமழைக் காலத்தில். எந்த மாதங்களில் பாறை உருளுமோ, மூடுபனி கண்ணை மறைக்குமோ, அதே மாதங்களில்தான் ஜீப்பில் கூட்டமும் அதிகம். விபத்து நடந்தால் நான்கு நாள் சோதனை, அபராதம். ஐந்தாம் நாள் பழையபடி. ஜீப்பை நிறுத்தினால் அன்றைக்குக் கூலி போகும் என்பதால் ஏறுகிறவர்களே சோதனையை விரும்புவதில்லை. மாற்று இல்லாத இடத்தில் சட்டம் பேசினால் அடி விழுவது கூலிக்காரர் வயிற்றில்தான்.

2011ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். 2010 டிசம்பர் 31ஆம் தேதி கடைசி மீட்டர் கேஜ் வண்டி ஓடியது. அகலப்பாதைப் பணிக்காக ரயில் நின்றது. அதே 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை வெடித்து எல்லைச் சாலைகளில் போக்குவரத்து நின்றது. அந்த ஆண்டு தொடக்கத்தில் கிழக்கே ஒரு கதவு சாத்தியது, முடிவில் மேற்கே இன்னொன்று. மலையிலிருந்த நம்மவர்கள் பலர் காட்டு வழியாக நடந்தே இறங்கினார்கள். 1900இல் ஏறிய அதே கால்கள்! 2020இல் கொரோனா ஊரடங்கின்போது மறுபடி எல்லை மூடியது. காய் செடியில் இருக்க, கூலி இல்லாமல் வீடுகள் இருந்தன.

ரயிலுக்குக் காத்திருந்தது பன்னிரண்டரை ஆண்டுகள். ஆண்டிபட்டிக் கணவாயில் பாறையை வெட்டி அகலப்படுத்தினார்கள். 2022 மே 26 அன்று மதுரை–தேனி 75 கி.மீ. பகுதியைப் பிரதமர் சென்னை விழாவில் தொடங்கிவைத்தார். மீதி 15 கி.மீ. முடிந்து, 2023 ஜூன் 15 அன்று போடியிலிருந்து சென்னைக்கு வாரம் மும்முறை ஓடும் ரயில் கிளம்பியது. அன்று ஸ்டேஷனில் கூடிய கூட்டத்தில் நானும் ஒருவன். கண் கலங்கியதை மறைக்க மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

ஆனால் மதுரை வண்டியின் நேரத்தைக் கவனித்தீர்களா? தொடங்கியபோது தந்த அட்டவணைப்படி அது காலையில் மதுரையில் கிளம்பி பத்தரை மணி வாக்கில் போடி வருகிறது. மாலையில் போடியிலிருந்து திரும்புகிறது. மதுரைக்காரர் இங்கே ஒரு வேலையாக வந்து போக அருமையான வண்டி. நம் பிள்ளை மதுரையில் கல்லூரிக்கோ, நோயாளி பெரியாஸ்பத்திரிக்கோ காலையில் போய் மாலையில் திரும்ப அது உதவாது. அவர்கள் பஸ்ஸுக்குத்தான் போக வேண்டும். தண்டவாளம் போட நூற்றுக்கணக்கான கோடி. நேரத்தைத் திருப்பிப் போட அந்த அளவு செலவு இல்லை. இன்னொரு பெட்டித்தொடரும் இன்னொரு நடையும்தான் வேண்டும்.

மேற்கேயும் இப்படித்தான். 2024 ஜனவரியில் மூணாறு–போடிமெட்டு 42 கி.மீ. அகலச் சாலை திறப்பு விழா கண்டது. கார்கள் வழுக்கிக்கொண்டு போகின்றன. சுற்றுலாவுக்கு நல்லது, ஏலக்காய் லாரிக்கும் நல்லது. அதிகாலை ஜீப்பில் மடியில் உட்கார்ந்து போகிறவருக்குச் சாலை அகலமானது, இருக்கை அகலமாகவில்லை. 2021 முதல் பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. மிக நல்ல திட்டம். ஆனால் காட்டு வேலைக்குப் போகிற பெண்ணின் பயணத்தில் அந்தப் பஸ் வருவதே இல்லையே!

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு மாணவி, பறிப்புக் காலம் வந்தால் தினமும் தாமதமாக வருவாள். நான் வகுப்புக்கு வெளியே நிற்க வைப்பேன். பாதி ஆண்டு போன பிறகுதான் தெரிந்தது: அம்மா விடியுமுன் ஜீப் ஏறிவிடுவார், தம்பி தங்கையைக் குளிக்க வைத்து, சோறு கட்டி அனுப்பிவிட்டு இவள் ஓடி வருகிறாள். மாலையில் ஜீப் வரத் தாமதமானால் தெருமுனையிலேயே நிற்பாள், வண்டி சத்தம் கேட்கும்வரை வீட்டுக்குள் போக மாட்டாள். ஒரு வண்டியின் நேரம் ஒரு குழந்தையின் படிப்பு வரை வருகிறது என்பதை எனக்குக் கற்றுக் கொடுத்தவள் அவள். அவள் இதைப் படித்தால், வாத்தியார் மன்னிப்புக் கேட்கிறேன், அம்மா.

ஆகவே மாணவரின் கேள்விக்கு என் பதில் இது. குறை பாதையில் இல்லை. நூற்றிருபது ஆண்டுகளாக நம் ஊருக்கு வடம் வந்தது, ரயில் வந்தது, நெடுஞ்சாலை வந்தது. எல்லாமே சரக்கையும் தூரத்து ஊரையும் மனத்தில் வைத்து வந்தவை. தினமும் காலையில் போய் மாலையில் திரும்புகிற உள்ளூர் மனிதருக்காகத் திட்டமிட்டு வந்தது ஒன்றும் இல்லை. கிராமங்களுக்குச் சிற்றுந்து விடும் திட்டத்தைத் தமிழ்நாடு 1997இலேயே கொண்டுவந்தது. அந்த அளவு வண்டிகள், பறிப்பு மாதங்களில் மட்டுமாவது, அதிகாலையில் போடியிலிருந்து எல்லை தாண்டிப் போக இரு மாநிலங்களும் உட்கார்ந்து பேசினால் முடியாதா? தண்ணீருக்குப் பேசுகிறோம், சபரிமலைக் கூட்டத்துக்குப் பேசுகிறோம், இதற்கும் பேசலாம். ஜீப்காரர்களையும் கைவிட வேண்டாம். மெயின் ரோட்டிலிருந்து காட்டுக்குள் கொண்டுபோய் விட அவர்கள்தான் வேண்டும்.

உங்களில் தோட்டம் வைத்திருப்பவர்கள் உண்டு. அரசு அலுவலகங்களில் இருப்பவர்கள் உண்டு. ஜீப் ஓட்டுகிறவர்களும் உண்டு. தோட்டக்காரர்களே, பறிப்பு நாட்களில் ஒரு வண்டி கூடுதலாகப் பிடியுங்கள். நடைக் கூலிக்குப் பதில் நாள் வாடகை பேசுங்கள், நெரிசல் தானாகக் குறையும். அலுவலகத்தில் இருப்பவர்களே, எந்தத் திட்டக் கோப்பு மேசைக்கு வந்தாலும் மூன்று கேள்வியைக் கேளுங்கள்: யாருக்காக? எந்தத் திசையில்? எந்த நேரத்தில்? தேர்வில் நான் கேட்ட கேள்விகளை மறந்திருந்தாலும் பரவாயில்லை, இந்த மூன்றும் நினைவில் இருக்கட்டும்.

பழைய மீட்டர் கேஜ் பயணம், மெட்டு ஏறிய கதை, வீட்டுப் பெரியவர்கள் கொட்டகுடி வழி நடந்த கதை யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்